கிடைத்த இடம்

ஊசி ஒடஞ்சது எனக்குச் சத்தத்துலதான் தெரிஞ்சுது, வெரல்ல தெரியல. டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், மிஷினு நின்னுருச்சு, நாந்தான் நிறுத்தியிருப்பேன், பத்தொம்பது வருஷமா பெடல்ல இருக்கற காலு எங்கிட்டக் கேட்டுக்கிட்டா எந்திரிக்குது. ஊசிக்கு அடியில பாப்பா டிரெஸ்ஸு, வெள்ளத் துணியில மஞ்சளா வாத்து வாத்தா அச்சடிச்சது, கழுத்துப் பட்டி பாதி ஓடியிருக்குது, ஒரு வாத்து முதுகு மேல ஊசியோட நடுத்துண்டு கெடக்குது, மேல்துண்டு மிஷின்லயே மாட்டிக்கிட்டு நிக்குது, நுனியக் காணோம். எடது கை ஆள்காட்டி வெரலத் திருப்பிப் பாத்தேன். நகத்துக்குப் பக்கத்துல சதையில கறுப்பா ஒரு புள்ளி, கடுகுல பாதி கூட இருக்காது, பெருவெரல வெச்சு அமுத்துனா உள்ள கெட்டியா என்னமோ நிக்குது. அட கெரகமே, இங்கதான் இருக்கறயா நீயின்னு தோணுச்சு. நோவு வரும்னு பாத்துட்டே இருந்தேன், வரல. சுகரு வந்ததுல இருந்து வெரல் நுனியெல்லாம் அப்படித்தான், காலையில எந்திரிச்சா துணி சுத்தி வெச்ச மாதிரி இருக்கும், காப்பி டம்ளரு சுடுதா இல்லியான்னு ஒதட்டுல வெச்சாத்தான் தெரியும். ரத்தம் ஒரு சொட்டு வரப் பாத்துச்சு, பெருவெரல மேல வெச்சு அமுக்கிக்கிட்டேன். பீஸு மேல ரத்தம் பட்டா பீஸு போச்சு. மொதல்ல அதுதான் நெனப்புக்கு வந்துச்சு, சிரிப்பாத்தான் இருக்குது, ஆனா அதுதான் வந்துச்சு. ஊசி ஒடஞ்சா எடத்த விட்டு நகரக் கூடாது, கையத் தூக்கோணும், அது சட்டம். சோத்தாங்கையத் தூக்கினேன். எடது கைய மடி மேல வெச்சுக்கிட்டேன்.

இன்னிக்குன்னு பாத்தா ஒடையோணும். இன்னிக்கு ஆடிட். நாங்க தைக்கறதெல்லாம் வாங்கற வெளிநாட்டுக் கம்பெனியில இருந்து ஒரு அம்மா வந்திருக்குது, எந்த நாடுன்னு காலையில சொன்னாங்க, என்ற வாயில நிக்கல, குளுரு நாடுங்கறது மட்டும் தெரியும், கையும் காலும் சேத்து மூடற மாதிரி டிரெஸ்ஸு தைக்கச் சொல்றாங்களே, அத வெச்சுத்தான். வருஷத்துக்கு ஒருக்கா இப்படி ஆராச்சும் வருவாங்க, நாங்க எப்படி இருக்கறோம்னு பாக்கறதுக்கு. அவீங்க வர்ற அன்னிக்கு நாங்க ரொம்ப நல்லா இருப்போம். கக்கூசுல சோப்பு இருக்கும். பின்பக்கத்துக் கதவு தெறந்திருக்கும், வருஷம் பூரா அதுக்கு முன்னால அடுக்கிக் கெடக்கற அட்டைப்பெட்டியெல்லாம் எங்க போகுமோ தெரியாது. செவுத்துல இருக்கற மருந்துப் பெட்டியில பஞ்சும் பிளாஸ்திரியும் புதுசா அடுக்கியிருக்கும். எல்லா மிஷின்லயும் ஊசிக்கு முன்னால காவக்கம்பி மாட்டியிருக்கும், வெரலு ஊசிக்கு அடியில போயிராம தடுக்கற கம்பி அது. மத்த நாள்ல அதக் கழட்டி டிராயருல போட்டுருவோம். ஆரும் கழட்டச் சொல்ல மாட்டாங்க, நாங்களேதான் கழட்டுவோம், அத வெச்சுக்கிட்டுத் தெச்சா ஒரு மணி நேரத்துக்குச் சொன்ன பீஸு வராது, வரலீன்னா லைனுக்கு நடுவுல நிக்க வெச்சுப் பேசுவாங்க. இன்னிக்கு என்ற மிஷின்லயும் கம்பி இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. இந்த வாத்து டிரெஸ்ஸு ஷிப்மெண்ட ஒரு வாரம் முன்னாலயே அனுப்பச் சொல்லி அதே கம்பெனியில இருந்து மெயில் வந்திருக்குதுன்னு நாலு நாளா உசுர வாங்கறாங்க, நான் வேற காலையில ஆபீசுல கேள்விக்கு உக்காந்ததுல பின்தங்கிட்டேன், சோறு தின்னுட்டு வந்து அந்தம்மா மாடிக்குப் போன நேரம் பாத்துக் கழட்டிட்டேன். "ஒரு கையில சட்டம், ஒரு கையில தேதி, ரெண்டையும் ஒண்ணா நீட்டறாங்க, நம்ம எதைன்னு வாங்கறது"ன்னு தண்டபாணி சொல்லுவான். அவன் சொன்னா என்ன, வாங்கறது நாங்கதான.

தண்டபாணி ஓடியாந்தான். எங்க லைன் சூப்பர்வைசரு, என்னய விட பத்து வயசு எளையவன், கெட்டவன் இல்ல, ஆனா ஆடிட் வந்தா பேய் புடிச்ச மாதிரி ஆயிருவான். "என்னக்கா, இன்னிக்குத்தான் ஒடைக்கோணுமா?" "நானா ஒடச்சேன், அது ஒடஞ்சுது." டிராயருல கெடந்த காவக்கம்பியப் பாத்தான், மூஞ்சி செத்துப்போச்சு, அந்தப் பக்கம் மறச்சு நின்னு ரெண்டே திருகுல மாட்டிட்டான். "நுனி எங்கக்கா?" "காணோம்." பொய் சொல்லோணும்னு நெனச்சுச் சொல்லல. வாயி அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு, காலு பெடல விட்டு எந்திரிச்ச மாதிரியே. அப்பறம் வழக்கமான கூத்து. லைன்ல இருக்கற முப்பது மிஷினும் நிக்கோணும், எல்லாரும் ரெண்டு கையையும் டேபிளு மேல வெச்சுக்கிட்டு ஆடாம அசையாம இருக்கோணும், ஊசியோட ஒரு துணுக்கு விடாம கெடைக்கற வரைக்கும் ஆரும் நகரக் கூடாது. கெடச்சதையெல்லாம் சேத்து வெச்சு முழு ஊசியாகுதான்னு பாத்து ஒரு நோட்டுல டேப்பு போட்டு ஒட்டோணும். அவீங்க நாட்டுல என்னைக்கோ ஒரு கொழந்தையோட டிரெஸ்ஸுல ஊசித் துணுக்கு இருந்து குத்திருச்சாம், அதுல இருந்து வந்த சட்டம்னு சொல்லுவாங்க. அந்தக் கொழந்தைக்கு எங்க குத்துச்சு, எத்தன நாள்ல ஆறுச்சு, இப்ப பெரிசாயிருக்குமா, இதெல்லாம் நான் பல தடவ நெனச்சிருக்கறேன், மிஷினு நின்னா மனசுக்கு வேற என்ன வேல. நானும் ரெண்டு கையையும் டேபிளு மேல வெச்சேன். எடது கையில பெருவெரல உள்ள மடக்கி, ஆள்காட்டி வெரல் மேல அமுக்கி, முட்டியாட்டம் வெச்சேன்.

மத்த நாளா இருந்தா இது ஒரு விசயமே இல்ல. தண்டபாணிகிட்ட ஒரு சின்ன டப்பா இருக்குது, அதுக்குள்ள பழைய ஊசி நுனியாப் போட்டு வெச்சிருக்கறான், பதினொண்ணாம் நம்பரு தனியா, பதினாலு தனியா. பத்து நிமிசம் தேடிக் கெடைக்கலீன்னா அதுல ஒண்ண எடுத்து நோட்டுல ஒட்டிட்டு "தைங்க தைங்க"ன்னு கையத் தட்டுவான். அப்ப நெசமான நுனி எங்க போச்சுடான்னு ஒருக்காக் கேட்டேன். "பெட்டி கட்டறதுக்கு முன்னால இரும்பு இருந்தா டிடெக்டரு மிஷினு கத்தும்க்கா, நீ தையி"ன்னான். இன்னிக்கும் அவன் கை பாக்கெட்டுக்குள்ள போச்சு, நான் பாத்தேன், போன கை அப்படியே நின்னுருச்சு. மாடியில இருந்து அந்தம்மா எறங்கி வந்துக்கிட்டிருக்குது, கூடவே சிந்துஜான்னு அந்தப் பொண்ணு, கோயமுத்தூர்க்காரி, அந்தம்மா பேசறத எங்களுக்குச் சொல்றவ. ஒரு லைனே நிக்கறதப் பாத்து அந்தம்மா என்னன்னு கேட்டுச்சு. ஊசி ஒடஞ்சதுன்னு சிந்துஜா சொன்னதும் அந்தம்மா மொகம் மலர்ந்துச்சு, கோவமில்ல, மலர்ந்துச்சு. நெசமாவே நாங்க நோட்டுல இருக்கற மாதிரி செய்யறோமான்னு பாக்கக் கெடச்ச சந்தோசம். ஒடஞ்ச ரெண்டு துண்டையும் அதுவே வாங்கி உள்ளங்கையில வெச்சு, பூதக்கண்ணாடி எடுத்துச் சேத்து வெச்சுப் பாத்துச்சு. இனி டப்பாவுல இருக்கற எந்த நுனியும் பொருந்தாது. தண்டபாணிக்கு நெத்தியில வேர்த்து மாஸ்க்குக்குள்ள எறங்குச்சு.

காலையில ஆபீசு ரூமுல அஞ்சு பேர உக்கார வெச்சுக் கேட்டாங்க, அதுல நானொருத்தி. ஒரு வாரமாச் சொல்லிக் குடுத்திருந்தாங்க, இப்படிக் கேட்டா இப்படி. எத்தன மணிக்கு வீட்டுக்குப் போவீங்க, அஞ்சரைக்குங்க. ஆராச்சும் திட்டுவாங்களா, இல்லீங்க. ஊசி குத்தியிருக்குதா, இல்லீங்க. அந்தம்மா என்ற மொகத்தையே பாத்துக் கேட்டுச்சு, நீலக் கண்ணு, இரக்கத்தோடதான் பாத்துச்சு, நான் பொய் சொல்றேன்னு அதுக்குத் தெரியுமோன்னு கூட இருந்துச்சு. தெரிஞ்சா ஏன் கேக்குது. தெரியலீன்னா இத்தன தூரம் ஏன் வருது. அது எழுதிக்கிச்சு. அது எழுதற வேகத்தப் பாத்தா எனக்கு அங்கலாப்பா வந்துச்சு, என்ற பேர்ல ஒரு நல்ல பொழப்பு அந்தத் தாள்ல நடந்துக்கிட்டிருக்குது, நான் இல்லாமயே.

இப்ப அந்தம்மா முட்டி போட்டுட்டுது. நெசமா, அந்த நல்ல பேண்டோட தரையில முட்டி போட்டு, ஒரு குச்சிக்கு நுனியில காந்தம் மாட்டுன மாதிரி ஒண்ண வாங்கி என்ற காலு பக்கத்துல எல்லாம் துழாவுது. தண்டபாணி அய்யோ அய்யோன்னு பதறறான், வேண்டாங்க மேடம், நாங்க பாத்துக்கறோங்க. அது கேக்கல. தலமுடி வெள்ளையும் சாம்பலுமா, கழுத்துல வேர்வ, இந்த ஊரு சூட்டுக்கு ஆகாத ஒடம்பு, பாவமாத்தான் இருந்துச்சு. எனக்காக ஆரு இப்படித் தரையில உக்காந்து தேடியிருக்கறாங்க. எனக்காக இப்பயும் தேடலதான், அது வேற. எதுருல செவுத்துல அந்தப் பாப்பா படம், கம்பெனி அனுப்பிச்சு ஒட்டச் சொன்னது, பொக்க வாயில கீழ ரெண்டே பல்லு, நாங்க தெச்ச டிரெஸ்ஸப் போட்டுக்கிட்டுச் சிரிக்குது. இந்த லைனுக்கு வந்த நாளா அந்தப் பல்லு ரெண்டேதான், நெசப் பாப்பா இந்நேரம் காலேஜு போயிருக்கும். அதுக்குத்தான் தேடறாங்க. தேடட்டும். ஒரு கொழந்தைக்குக் குத்தக் கூடாதுதான், அதுல எனக்கொரு வழக்கும் இல்ல. காந்தக்குச்சி டேபிளு ஓரமா மேல வந்துச்சு, மடக்கி வெச்ச என்ற கைக்கு ஒரு சாண் தூரத்துல போச்சு. வெரலுக்குள்ள இருக்கறது இழுத்த மாதிரி இருந்துச்சு. இழுத்திருக்காது, நெனப்புத்தான். மரத்துப் போன வெரலுக்கு இழுவை எப்படித் தெரியும்.

சொல்லிரலாம். கைய விரிச்சு, இங்கதாங்க இருக்குதுன்னு ஒரு வார்த்த. அந்தம்மா முட்டியில இருந்து எந்திரிச்சு ஓடியாரும், சிந்துஜா அய்யோக்கான்னு கத்துவா, பெட்டியத் தெறந்து புதுப் பஞ்சு எடுப்பாங்க. அப்பறம் கேப்பாங்க, காவக்கம்பி இருக்கும்போது எப்படிக் குத்துச்சு. காலையில குத்துனதே இல்லைன்னயே. வெளிக் கேட்டுப் பக்கத்துல ஒரு போர்டு மாட்டியிருக்குது, விபத்து இல்லாத நாட்கள்னு, அதுல இன்னிக்கு நானூத்திப் பன்னெண்டு. அத அழிச்சுட்டு சைபருன்னு எழுதோணும். வர்றவீங்க எல்லாம் அந்தப் போர்டுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. எங்களுக்கு அது வேற கணக்கு. தங்கமணி போயி எத்தன நாளாச்சுங்கறதுதான் அதுல எழுதியிருக்குது. எனக்கு அடுத்த மிஷினு அவளோடது, எட்டு வருஷம் ஒரே டிபன்ல ரெண்டு பேரும் கை நனச்சிருக்கறோம். ஊசி நகத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வந்துருச்சு, கத்துனா, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஆரும் ஒரு வார்த்த திட்டல. நல்லாத்தான் பாத்தாங்க, காரு வெச்சு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ஆப்பிளு வாங்கிட்டுப் போயிப் பாத்தாங்க, கை ஆறட்டும், நாங்களே கூப்படறோம்னாங்க. கூப்படல. இப்ப வேஸ்ட்டு குடோன்ல இருக்கறா, எங்க கம்பெனியில இருந்து போற வெட்டுத் துணியப் பிரிக்கறா, வெள்ள தனி, கலரு தனி, கறை தனி. "வெள்ளையில ரத்தம் இருந்தா எடுத்துப் பாப்பேன் மயிலு, ஆரோ வெரல்ல வாங்கியிருக்கறாளேன்னு நெனச்சுக்குவேன்"னு போன மாசம் பஸ் ஸ்டாப்புல பாத்தப்ப சொன்னா. பஞ்சு படிஞ்சு கண்ணு ரப்பையெல்லாம் வெளுத்துக் கெடந்துச்சு. எனக்குப் பயம்னா அதுதான். வெரல் இல்ல. எங்க வீட்டுக்காரரு முதுகு போயி மூணு வருஷமாப் படுக்கையும் பாயுமா இருக்கறாரு, நான் இந்தக் கேட்டுக்குள்ள வர்ற வரைக்குந்தான் அந்த வீட்டுல அடுப்பு எரியும். சுகரு இருக்கறதயே இங்க மறச்சுத்தான் வெச்சிருக்கறேன்.

அப்ப சொல்லாம விட்டுர்றது. பல்லக் கடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயி எடுத்துக்கறது. கடிக்கறதுக்கும் நோவு வேணுமே, அது கூட இல்ல. டாக்டரு சொல்லியிருக்கறாரு, சுகரு கையில இரும்பு தங்கிச்சுன்னா சீழு வெக்கும், வெரலு போகும், பாத்து நடந்துக்கங்கன்னு. நுனி கெடைக்கலீன்னா இந்த லாட்டு பூரா அவீங்களுக்கு ஆகாது. இன்னிக்கு இந்த லைன்ல தெச்சது அத்தனையும் டிடெக்டருக்குப் போச்சு, பெல்ட்டுல ஒவ்வொண்ணா ஊர்ந்து போறத எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க, ஒண்ணுலயும் சத்தம் வரல, வராது, எனக்குத் தெரியும். அப்படியும் அந்தம்மா ஆகாதுன்னு தலைய ஆட்டுது. சிந்துஜா சொல்றா, "நுனி கைக்கு வராம இந்த லாட் ஷிப்மெண்ட்ல ஏறக் கூடாதுன்னு சொல்றாங்க சார். ஒரு பெர்சன்ட் சந்தேகம் இருந்தாலும் ஒரு குழந்தைக்குக் குடுக்க முடியாதுன்னு சொல்றாங்க." தண்டபாணி ஆமாங்க மேடம், ஆமாங்கன்னுட்டு, திரும்பி செக்கிங் பொண்ணுகிட்ட மெதுவாச் சொல்றான், "லேபிள வெட்டிட்டு செகண்ட்ஸுக்குத் தள்ளிரலாம், நம்மூரு சந்தையில போயிரும்." அவன் சாதாரணமாத்தான் சொன்னான். எப்பயும் நடக்கறதுதான. அவீங்க கொழந்தைக்குச் சந்தேகமானது நம்ம கொழந்தைக்குச் சந்தேகமில்லாமப் போகும். என்ற தங்கச்சி சுகன்யா பிரசவத்துக்கு வந்தவ இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கறா, ஏழு மாசப் பாப்பா, அதுக்குப் போடறதெல்லாம் நான் சந்தையில வாங்கிட்டுப் போனதுதான், லேபிளு வெட்டுன டிரெஸ்ஸு, போன சீசன் யான போட்டது. நான் தெச்சதாக் கூட இருக்கும். அந்தக் கழுத்துப் பட்டியத்தான் வாயில வெச்சுச் சப்பிக்கிட்டே தூங்கும். எந்தக் காந்தத்த வெச்சு எந்தம்மா அதுல தேடுச்சு. எனக்கு அப்பத்தான் ஆத்தரம் வந்துச்சு. நான் அந்த ஆத்தரம் வளரும்னு பாத்தேன், அழுகையாச்சும் வரும்னு பாத்தேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு அதுவும் அடங்கிருச்சு. படத்துல இருக்கற பாப்பா சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

அந்தம்மா எந்திரிச்சு என்ற முன்னால வந்து நின்னுச்சு. முட்டியில நூலும் தூசியும் ஒட்டியிருந்துச்சு. என்னமோ கேட்டுச்சு, கொரல் மெதுவா. சிந்துஜா குனிஞ்சு, "அக்கா, ஊசி ஒடஞ்சப்ப உங்களுக்கு எங்கயும் அடி படலியேன்னு கேக்கறாங்க"ன்னா. கேட்டுருச்சு. இத்தன வருஷத்துல ஒடஞ்ச ஊசிக்கு அப்பறம் ஒருத்தரும் கேக்காத கேள்வி, அது கேட்டுருச்சு. நான் அந்த நீலக் கண்ணப் பாத்தேன், அதுக்குப் பின்னால தண்டபாணி கண்ணப் பாத்தேன், அவன் என்ற மொகத்தப் பாக்கல, டேபிளு மேல இருக்கற முட்டியப் பாத்துக்கிட்டிருந்தான். தெரிஞ்சுபோச்சு அவனுக்கு. கண்ணு ரெண்டும் வேண்டாங்க்கா வேண்டாங்க்கான்னுச்சு. லைன்ல இருபத்தொம்பது பேரு கைய டேபிளு மேல வெச்சுக்கிட்டு என்னயத்தான் பாக்கறாங்க, அவீங்க எல்லாத்துக்கும் ஷிப்மெண்ட்டு, போர்டு, நாளைக்கு வேல. "இல்லீங்க"ன்னேன். காலையில சொன்ன அதே இல்லீங்க. கொரலு கூட மாறல. அந்தம்மா என்ற தோளத் தொட்டு, நல்லதுன்னு சொன்ன மாதிரி ஒரு வார்த்த சொல்லிட்டு டிடெக்டரு பக்கம் திரும்புச்சு.

அது திரும்புன நேரத்துல கையக் கீழ எறக்கிட்டேன். மடியில நூலு வெட்டற கத்திரி கெடந்துச்சு, சின்னது, வாயி கூர்மையா இருக்கும். டேபிளுக்கு அடியில கண்ணுல பாக்காமத்தான் செஞ்சேன், துணியத் தடவித் தடவிப் பழகுன சோத்தாங்கைக்கு கண்ணு எதுக்கு. கத்திரி வாய அந்தப் புள்ளிகிட்ட வெச்சு அமுத்துனேன், சதை விலகுச்சு, இரும்புல இரும்பு பட்டது கத்திரியிலதான் தெரிஞ்சுது, வெரல்ல இல்ல. ஒரு தடவ நழுவுச்சு. ரெண்டாந் தடவ நழுவுச்சு. வேற ஆருக்கோ முள்ளு எடுக்கற மாதிரி நிதானமா இருந்தேன், அந்த நிதானம் எனக்கே புடிக்கல. மூணாந் தடவ வந்துருச்சு. பாவாடையில தொடச்சேன், நல்லாத் தொடச்சேன், ரத்தம் இருக்கக் கூடாதில்ல. அப்பறம் கீழ விட்டேன். விழுகற சத்தம் கூடக் கேக்கல, அத்தனூண்டு. "தண்டபாணி, பெடலுக்குப் பின்னால ஒருக்காப் பாரு தம்பி, என்னமோ மினுக்குது"ன்னேன். அவன் தரையிலயே படுத்துட்டான். காந்தத்துல ஒட்டி எடுத்துத் தூக்கிக் காமிச்சான், சாமி வரங்குடுத்த மாதிரி. ஆரோ கைதட்டுனாங்க, எல்லாரும் தட்டுனாங்க, அந்தம்மாவும் தட்டுச்சு, சிரிச்சுச்சு, கண்ணுல தண்ணி நின்ன மாதிரி கூட இருந்துச்சு. நானும் தட்டுனேன், எடது கைய முட்டியா வெச்சுக்கிட்டே.

நோட்டு வந்துச்சு. மூணு துண்டையும் வரிசையா வெச்சு டேப்பு போட்டு ஒட்டுனான், முழு ஊசி, ஒரு மயிரிழை கொறையாது. தேதி, மிஷின் நம்பரு, ஊசி நம்பரு, தையல்காரர் பேரு மயிலாத்தாள். அதுக்கடுத்த கட்டத்துல கிடைத்த இடம்னு அச்சடிச்சிருக்கும். தண்டபாணி பேனாவ வெச்சுட்டு ஒரு நிமிசம் நின்னான். என்னயப் பாக்கல. தரைன்னு எழுதினான். கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன். பத்தொம்பது வருஷத்துல என்ற பேருக்கு நேரா எத்தனையோ எழுதியிருக்கறாங்க, இத மட்டும் ரெண்டு தடவ படிச்சேன். சரி, பொய்யில்ல, தரையிலதான கெடச்சுது. அந்தம்மாவும் அதுக்குக் கீழ போட்டுச்சு, நீளமாச் சுழிச்சு அழகான கையெழுத்து. சிந்துஜா சொன்னா, "பொறுமையா நின்னதுக்கு உங்க லைனுக்கே நன்றி சொல்றாங்க. இந்த டிரெஸ் போடப் போற குழந்தைகளோட அம்மாக்கள் சார்பா சொல்றாங்க." நல்ல வார்த்ததான். சொல்றதுக்கு அதுக்கும் ஆசையாத்தான் இருந்திருக்கும். நான் தலைய ஆட்டுனேன். மிஷினுக எல்லாம் ஒண்ணா ஓட ஆரம்பிச்சுது, அந்தச் சத்தத்துல ஒரு நிம்மதி இருக்குது, அதுக்குள்ள ஆரும் ஒண்ணும் கேக்க முடியாது.

ரத்தம் நிக்கல. சுகரு ரத்தமோ என்னமோ, சொட்டுச் சொட்டா வந்துக்கிட்டே இருந்துச்சு. தண்டபாணி பின்னால வந்து நின்னு, "அக்கா, தப்பா நெனச்சுக்காத"ன்னான். "பிளாஸ்திரி ஒண்ணு குடு"ன்னேன். மருந்துப் பெட்டியத் திரும்பிப் பாத்தான், பெட்டிக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன நோட்டு தொங்குது, எடுத்தா ஆருக்கு, எதுக்குன்னு எழுதோணும். "அந்தம்மா போகட்டுங்க்கா, அரை மணி நேரந்தான்." நெசமாவே அவனுக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு, அவனத் திட்டி என்ன ஆகப் போகுது. கீழ கூடையில வெட்டுத் துணி கெடந்துச்சு, நீளமா ஒரு ரிப்பனு, வாத்து போட்டது. எடுத்து வெரல்ல மூணு சுத்து சுத்தி பல்லுல முடிச்சுப் போட்டேன். கொழந்தைக்குன்னு நெய்யற துணி, அத்தன மெத்துன்னு இருக்கும்னு கன்னத்துல வெச்சுத் தெரிஞ்சிருக்குது, வெரலுக்குத் தெரியல. அதோடயே தெச்சேன். கழுத்துப் பட்டி, திருப்பு, கழுத்துப் பட்டி, திருப்பு. காவக்கம்பி இருந்ததுனால பீஸு கொறஞ்சுது, ஆரும் கேக்கல.

அஞ்சரைக்குப் பெல்லு. ஆடிட் அன்னிக்கு மட்டுந்தான் அஞ்சரைக்கு உடுவாங்க, வெளிய இன்னும் வெயிலு இருக்குது, வெயில்ல வீட்டுக்குப் போறது கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்குதுன்னு பொண்ணுகெல்லாம் சிரிச்சுக்கிட்டு வரிசையில நின்னாங்க. அந்தம்மா காரு போயிருச்சு. அந்தக் கையெழுத்தும் நோட்டும் பீரோவுக்குள்ள போயிருச்சு. கேட்டுல செக்கிங் பண்ற பாக்கியம் என்ற டிபன் பையத் தெறந்து பாத்து, ஒடம்பத் தடவிப் பாத்து, கையப் புடிச்சவ விடல. "என்னதுங்க்கா வெரல்ல?" "நகம் கிழிஞ்சிருச்சு." "இது வாத்துத் துணிங்க்கா." சொல்லிட்டு மேல கேமராவப் பாத்தா. "அச்சுத் துணியில ஒரு நூலு கூட வெளிய போகக் கூடாதுன்னு சட்டங்க்கா, அவீங்க டிசைனாம். ஆருக்காச்சும் தெரிஞ்சா என்ற வேல போயிருங்க்கா. கழட்டிப் போட்டுட்டுப் போங்க்கா, கோவிச்சுக்காதீங்க." நான் எதுக்குக் கோவிச்சுக்கறேன். அவளுக்கும் ஒரு வீடு இருக்குது. முடிச்ச அவுத்து, சுத்தெல்லாம் பிரிச்சேன், கடைசிச் சுத்து ரத்தத்துல ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குச்சு, இழுத்தேன், வந்துச்சு. வாத்து ரெண்டு மூணு செவப்பாயிருந்துச்சு. பக்கத்துல ஸ்டூலு மேல ஏறி நின்னு வாட்ச்மேன் போர்டுல பன்னெண்ட அழிச்சுட்டுப் பதிமூணுன்னு எழுதிக்கிட்டிருந்தாரு. துணியச் சுருட்டி, கேட்டோரம் இருக்கற வேஸ்ட்டுப் பெட்டியில போட்டேன். அந்தப் பெட்டி நாளைக்குக் காலையில வேஸ்ட்டு குடோனுக்குப் போகும். தங்கமணி பிரிப்பா, வெள்ள தனி, கலரு தனி, கறை தனி. எடுத்துப் பாப்பா. எந்த வெரலுன்னு கூட அவளுக்குத் தெரியும்.